ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு பெர்ஃபார்மன்ஸ் டார்க் கன்வர்ட்டர் தேர்ந்தெடுப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இன்ஜினில் கேம்ஷாஃப்ட் மாற்றி, சிலிண்டர் ஹெட்டில் வேலை பார்த்து, எக்ஸாஸ்ட்டும் போட்ட பிறகு பலருக்கும் ஒரே குறைதான்: மேலே நன்றாகப் பறக்கிறது, ஆனால் நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது முன்பிருந்த வேகம்கூட இல்லை. பெரும்பாலும் இதற்குக் காரணம், கம்பெனி போட்ட டார்க் கன்வர்ட்டர் இன்னும் பழைய இன்ஜினுக்கு ஏற்றபடியே வேலை செய்துகொண்டிருப்பதுதான். இந்தப் பக்கம் அதை மாற்ற நினைப்பவர்களுக்காக. பட்டியலில் இருக்கும் ஸ்டால் எண்ணை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். கீழே வரும் பதில்களில் பாதி அந்த எண் ஏன் போதாது என்பதைப் பற்றியவைதான்.

டார்க் கன்வர்ட்டருக்குள் உண்மையில் என்ன நடக்கிறது?

வெளியே இருந்து பார்த்தால் வளையம் போல உருண்டையான ஒரு இரும்புக் கூடு. அதன் முன்பக்கம் ஃப்ளெக்ஸ்பிளேட் என்ற மெல்லிய இரும்புத் தட்டு வழியாக இன்ஜினோடு போல்ட் போட்டு இணைக்கப்பட்டிருக்கும். இன்ஜின் சுற்றினால் கூடு முழுவதும் சுற்றும். கூட்டின் பின்பாதியில் உட்பக்கமாக இறக்கைகள் இருக்கும்; அதுதான் இம்பெல்லர். அது சுற்றும்போது உள்ளே இருக்கும் ஆயிலை வெளிவிளிம்பு நோக்கி வீசி, எதிரே இருக்கும் டர்பைன் இறக்கைகள் மீது அடிக்கிறது. டர்பைன் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட்டில் கோர்க்கப்பட்டிருப்பதால் அது திரும்பினால் வண்டி நகரும்.

இதோடு விட்டால் அது வெறும் ஃப்ளூயிட் கப்ளிங். வந்த டார்க்கை, அதாவது சுழற்றும் விசையை, கொஞ்சமும் கூட்டித் தராது. இரண்டுக்கும் நடுவே ஸ்டேட்டர் என்ற சிறிய சக்கரம் இருக்கிறது. டர்பைனில் அடித்துத் திரும்பும் ஆயில் தவறான திசையில் வரும். அதை ஸ்டேட்டர் மடக்கி, இம்பெல்லர் சுற்றும் திசைக்கே உதவியாகத் திருப்பி விடுகிறது. டார்க் பெருகுவது இந்த இடத்தில்தான். ஸ்டேட்டர் ஒருவழி கிளட்ச் மேல் உட்கார்ந்திருக்கும். ஒரு பக்கம் பூட்டிக்கொள்ளும், மறுபக்கம் சுதந்திரமாகச் சுற்றும். டர்பைன் வேகம் இம்பெல்லர் வேகத்தில் ஏறக்குறைய 85 முதல் 90 சதவீதத்தைத் தொட்டதும் ஸ்டேட்டர் சும்மா சுற்ற ஆரம்பித்துவிடும். அதோடு டார்க் பெருகுவதும் நின்றுவிடும்.

இந்த அமைப்புக்கு ஜெர்மனியில் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905-இல் காப்புரிமை எடுத்தார். முதலில் கப்பல்களுக்காகத்தான். அடிப்படை இன்றுவரை மாறவில்லை. இறக்கைகளின் கோணம், ஸ்டேட்டரின் வடிவம், உள்ளே இருக்கும் கிளட்ச் எல்லாம்தான் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. நீங்கள் காசு கொடுத்து வாங்குவதும் இந்த மாற்றங்களைத்தான்.

ஸ்டால் ஸ்பீட் என்றால் என்ன?

டர்பைனை அசையவிடாமல் பிடித்துக்கொண்டு, இன்ஜினை முழு ஆக்சிலரேட்டரில் முடுக்கினால், ஒரு கட்டத்தில் ஆர்பிஎம் அதற்கு மேல் ஏறாமல் நின்றுவிடும். அந்த ஆர்பிஎம்தான் ஸ்டால் ஸ்பீட். இன்ஜின் கொடுக்கும் டார்க்கும், ஆயிலைச் சுழற்ற இம்பெல்லர் கேட்கும் டார்க்கும் சமமாகும் புள்ளி அது.

நடைமுறையில் மூன்று விதமாக இதைச் சொல்வார்கள், மூன்றையும் குழப்பிக்கொள்வார்கள். பிரேக்கை அழுத்தியபடி ஆக்சிலரேட்டர் கொடுத்தால், சக்கரம் பிரேக்கை மீறி உருள ஆரம்பிக்கும் எண் ஒன்று. இது எப்போதும் குறைவாகவே வரும், ஏனென்றால் இங்கே நீங்கள் அளப்பது பிரேக்கின் பலத்தை. இரண்டாவது, ரேஸ் வண்டிகளில் இருக்கும் டிரான்ஸ்பிரேக்கில் வருவது. கியர்பாக்ஸே உள்ளுக்குள் பூட்டிக்கொள்வதால் முழு ஸ்டால் தெரியும். மூன்றாவது ஃபிளாஷ் ஸ்டால்: வண்டி நிற்கும்போது ஒரே மிதியில் ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தினால் டேக்கோமீட்டர் முள் சட்டென்று தாவி ஒரு நொடி நிற்கும் இடம். சாலையில் ஓட்டுபவருக்குப் பயன்படும் எண் இந்த மூன்றாவதுதான். விற்பவர் ஒரு எண்ணைச் சொன்னால், எந்த விதத்தில் அளந்த எண் என்று முதலில் கேளுங்கள்.

3000 ஸ்டால் போட்டால் 3000 ஆர்பிஎம் வரை வண்டி நகராதா?

நகரும். இது மிகப் பரவலான தவறான எண்ணம். ஸ்டால் எண் என்பது முழு ஆக்சிலரேட்டரில் வரும் உச்சம். மெதுவாக ஆக்சிலரேட்டரைத் தொட்டால் நல்ல கன்வர்ட்டரில் வண்டி 1200, 1500 ஆர்பிஎம்மிலேயே நகர ஆரம்பித்துவிடும். கம்பெனி கன்வர்ட்டரை விட முள் சில நூறு ஆர்பிஎம் மேலே நிற்கும், அவ்வளவுதான். மலிவாகச் செய்த கன்வர்ட்டரில் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மிதிக்கும்போதும் இன்ஜின் சத்தம் ஏறிக்கொண்டே போகும், வண்டி பின்னாலேயே வராது. இரண்டும் ஒரே எண்ணில் விற்கப்படலாம். விலையில் வித்தியாசம் இருப்பதற்கு முக்கியமான காரணங்களில் இதுவும் ஒன்று.

ஒரே கன்வர்ட்டர் நண்பரின் வண்டியில் 2800 காட்டுகிறது, என் வண்டியில் 2400-ஐத் தாண்டவில்லை. பழுதா?

பழுது இல்லாமல் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஸ்டால் என்பது கன்வர்ட்டரின் தனிக் குணம் இல்லை. பின்னால் அதே கன்வர்ட்டர், முன்னால் வேறு இன்ஜின் என்றால் எண் மாறும்.

கணக்கு எளிது. இம்பெல்லரைச் சுழற்றத் தேவையான டார்க், ஆர்பிஎம்மின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். ஆர்பிஎம் இரண்டு மடங்கானால் டார்க் நான்கு மடங்கு வேண்டும். அதனால் ஸ்டால் ஆர்பிஎம், டார்க்கின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறும். கன்வர்ட்டர் செய்பவர்கள் இதையே கே-ஃபேக்டர் என்று ஒரு எண்ணாக வைத்திருப்பார்கள்: ஸ்டால் ஆர்பிஎம்மை, அந்த ஆர்பிஎம்மில் இன்ஜின் தரும் டார்க்கின் வர்க்கமூலத்தால் வகுத்தால் வருவது.

ஒரு உதாரணம். 300 நியூட்டன் மீட்டர் தரும் இன்ஜினில் ஒரு கன்வர்ட்டர் 2400-இல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதையே 450 நியூட்டன் மீட்டர் இன்ஜினில் போட்டால், டார்க் ஒன்றரை மடங்கு, 1.5-இன் வர்க்கமூலம் ஏறக்குறைய 1.22, ஸ்டால் 2940 பக்கம் போகும். ஐந்நூறுக்கு மேல் வித்தியாசம், ஒரு போல்ட்டைக்கூடத் தொடாமல். இன்னொன்றையும் கவனியுங்கள்: கணக்கில் வர வேண்டியது இன்ஜினின் உச்ச டார்க் இல்லை, ஸ்டால் ஆகும் ஆர்பிஎம்மில் அது தரும் டார்க். பெரிய கேம்ஷாஃப்ட் போட்ட இன்ஜின் 5000-இல் நிறையத் தரும், 2500-இல் கையைவிரிக்கும். அப்படிப்பட்ட இன்ஜினில் எதிர்பார்த்த ஸ்டால் வராமல் போவது ஆச்சரியமே இல்லை.

வண்டியின் எடையும் கியர் விகிதமும்கூட ஃபிளாஷ் எண்ணைக் கொஞ்சம் அசைக்கும். கனமான வண்டி, வேகத்துக்கான டிஃபரன்ஷியல் விகிதம் என்றால் சக்கரம் நகரத் தயங்கும், முள் கூடுதலாகத் தாவும். லேசான வண்டியில் கன்வர்ட்டர் முழுதாகத் தாவுவதற்குள் வண்டியே கிளம்பிவிடும்.

அப்படியானால் என் இன்ஜினுக்கு எவ்வளவு ஸ்டால் வேண்டும்?

டைனோ தாளை, அதாவது எந்த ஆர்பிஎம்மில் எவ்வளவு டார்க், எவ்வளவு சக்தி என்று அளந்து வரைந்த தாளை, கையில் எடுங்கள். குதிரைசக்திக் கோட்டை விட்டுவிட்டு டார்க் கோட்டைப் பாருங்கள். அது எந்த ஆர்பிஎம்மில் நிமிர ஆரம்பிக்கிறது, எங்கே உச்சம் தொடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தினசரி சாலையில் ஓடும் வண்டிக்கு, உச்ச டார்க் வரும் ஆர்பிஎம்மை விட 500 முதல் 800 வரை கீழே ஃபிளாஷ் ஸ்டால் அமைந்தால் நன்றாக இருக்கும். ரேஸுக்கு மட்டும் என்றால் உச்ச டார்க்கை ஒட்டியோ சற்று மேலேயோ போகலாம்.

தோராயமான எல்லைகளைச் சொல்வதானால், கம்பெனி கன்வர்ட்டர்கள் பெரும்பாலும் 1600 முதல் 2200-க்குள் இருக்கும். கேம்ஷாஃப்ட் மாற்றாத, எக்ஸாஸ்ட், டியூனிங் மட்டும் செய்த இன்ஜினுக்கு 2200 முதல் 2600 போதும். மிதமான கேம் என்றால் 2600 முதல் 3000. ஐடிலில் துடிக்கும் அளவுக்குப் பெரிய கேம் என்றால் 3200-க்கு மேல் போக வேண்டியிருக்கும். 4000-க்கு மேல் எல்லாம் ரேஸ் டிராக்குக்கு.

இரண்டு எண்களுக்கு நடுவே தடுமாறினால், சாலை வண்டிக்குச் சின்ன எண்ணையே எடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. 200 ஆர்பிஎம் குறைவாகப் போட்டவர் கிளம்பும்போது ஒரு துளி இழப்பார். 600 ஆர்பிஎம் கூடுதலாகப் போட்டவர் ஒவ்வொரு நாளும் சூட்டோடும் வழுக்கலோடும் (டர்பைன் இன்ஜினுக்குப் பின்தங்கிச் சுற்றுவது) மல்லுக்கட்டுவார்.

கியர்பாக்ஸில் எத்தனை கியர் இருக்கிறது என்பது கன்வர்ட்டர் தேர்வை மாற்றுமா?

நிறையவே மாற்றும். ஆனால் ஏனோ இதை யாரும் கேட்பதில்லை. கன்வர்ட்டரின் வேலை கிளம்புவதோடு முடிவதில்லை. ஒவ்வொரு முறை கியர் மாறும்போதும் ஆர்பிஎம் கீழே விழுகிறது. விழுந்த இடத்தில் இன்ஜினுக்கு உயிர் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

ஜெனரல் மோட்டார்ஸின் பழைய மூன்று கியர் டிஎச்400-ஐ எடுத்துக்கொள்வோம். முதல் கியர் 2.48, இரண்டாவது 1.48. 6000-இல் மாற்றினால் 3580-க்கு வரும். அதே நிறுவனத்தின் 4எல்60இ நான்கு கியர் பெட்டியில் முதல் கியர் 3.06, இரண்டாவது 1.63. 6000-இல் மாற்றினால் 3200-க்குக் கீழேயே இறங்கிவிடும். உங்கள் இன்ஜின் 3600-இல்தான் விழித்துக்கொள்ளும் என்றால், 4எல்60இ-யில் இரண்டாவது கியர் விழுந்ததும் அது மூச்சு வாங்கும். ஸ்டால் சற்று உயர்ந்த கன்வர்ட்டர் அந்த இடத்தில் கொஞ்சம் வழுக்கிக்கொடுத்து, ஆர்பிஎம்மை இன்ஜினுக்குப் பிடித்த இடத்திலேயே தாங்கிப் பிடிக்கும்.

இப்போதைய எட்டு கியர் பெட்டிகளில் கதை வேறு. ஜெர்மனியின் இசட்எஃப் (ZF) நிறுவனத்தின் முதல் தலைமுறை 8எச்பி பெட்டியில் முதல் கியர் 4.7 பக்கம், இரண்டாவது 3.13 பக்கம். 6000-இல் மாற்றினால் 4000-இல் நிற்கும். அதற்கும் மேல், வழுக்கலே இல்லாமல் கன்வர்ட்டரைப் பூட்டும் லாக்-அப் கிளட்ச் கீழ் கியர்களிலேயே பிடித்துக்கொள்ளும். அப்படிப்பட்ட வண்டியில் பெரிய ஸ்டால் கேட்பதில் அர்த்தம் குறைவு. கிளம்பும் அந்த ஒன்றிரண்டு நொடிக்கு மட்டும் போதுமானதாக இருந்தால் சரி.

டார்க் ரேஷியோ என்று ஒரு எண் போட்டிருக்கிறதே, அது அதிகமாக இருந்தால் நல்லதா?

ஸ்டாலில் நிற்கும்போது உள்ளே வரும் டார்க்கை எத்தனை மடங்காக்கித் தருகிறது என்பது அந்த எண். பொதுவாக 1.8 முதல் 2.5 வரை. இது பெரும்பாலும் ஸ்டேட்டர் இறக்கைகளின் வடிவத்தைப் பொறுத்தது.

கனமான வண்டி, சிறிய இன்ஜின், டயருக்கு நல்ல பிடிப்பு என்றால் உயர்ந்த ரேஷியோ கிளம்பும்போது பின்னால் இருந்து தள்ளுவது போல உதவும். ஏற்கெனவே டயர் வழுக்கும் அளவுக்கு டார்க் உள்ள வண்டியில் அது தொல்லை. புகை வரும், வண்டி வராது. தவிர, பொதுவாக உயர்ந்த ரேஷியோ தரும் ஸ்டேட்டர் மேல் ஆர்பிஎம்மில் ஆயிலின் ஓட்டத்துக்குக் கொஞ்சம் தடையாக இருக்கும். அதனால் அங்கே வழுக்கல் கூடும். சக்தி நிறைந்த லேசான வண்டிக்கு 1.8 பக்கமே சரியாக இருக்கலாம்.

சின்ன விட்டம் உள்ள கன்வர்ட்டர்தான் வேகமானதா?

விட்டம் குறைந்தால் ஸ்டால் ஏறும், சுழலும் எடையும் குறையும், இன்ஜின் சட்டென்று ஆர்பிஎம் ஏறும். கம்பெனி கன்வர்ட்டர் 11, 12 அங்குலம் இருக்கும் இடத்தில் சாலை வண்டிக்கான பெர்ஃபார்மன்ஸ் கன்வர்ட்டர் 9.5 அல்லது 10 அங்குலத்தில் வரும். 8 அங்குலம் என்பது ரேஸ் பக்கம். ஆனால் விட்டத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். ஒரே 10 அங்குலக் கூட்டில் இறக்கைக் கோணத்தையும் ஸ்டேட்டரையும் மாற்றி ஆயிரம் ஆர்பிஎம்முக்கு மேல் வித்தியாசம் கொண்டுவர முடியும்.

லாக்-அப் இருக்க வேண்டுமா?

உங்கள் கியர்பாக்ஸ் லாக்-அப் உள்ளதாக இருந்தால், சாலையில் ஓட்டும் வண்டிக்கு அதை விட்டுவிடாதீர்கள். லாக்-அப் கிளட்ச் என்பது கன்வர்ட்டருக்குள்ளேயே டர்பைனை முன்கூட்டோடு ஒட்டவைக்கும் உராய்வுத் தட்டு. பிடித்ததும் வழுக்கல் பூஜ்யம். இது புதுமையும் அல்ல. பாக்கார்டு நிறுவனம் 1949-இலேயே தன் அல்ட்ராமேட்டிக்கில் வைத்திருந்தது, கிறைஸ்லர் 1978-இல் தன் வண்டிகளில் பரவலாகக் கொண்டுவந்தது.

3000 ஸ்டால் கன்வர்ட்டரோடு நெடுஞ்சாலையில் சுகமாகப் போக முடிவதே லாக்-அப் இருப்பதால்தான். நகரத்தில் தளர்வாக (வழுக்க விட்டு), நெடுஞ்சாலையில் இறுக்கமாக என்று இரண்டு குணமும் ஒரே வண்டியில் கிடைக்கும்.

ஒற்றைத் தட்டா, பல தட்டா என்பது அடுத்த கேள்வி. கம்பெனி ஒற்றைத் தட்டு மிதமான ஓட்டத்தில் பிடிப்பதற்காகச் செய்யப்பட்டது. முழு ஆக்சிலரேட்டரில் இருக்கும்போது லாக் செய்யப் போகிறீர்கள், அல்லது இன்ஜின் டார்க் கம்பெனி அளவைவிட வெகுவாகக் கூடிவிட்டது என்றால் இரண்டு மூன்று தட்டுகள் உள்ளதும், முன்மூடி முழு இரும்பில் கடைந்ததும் வேண்டும். மெல்லிய தகட்டு முன்மூடி அழுத்தத்தில் வளைந்தால் தட்டு முழுப்பரப்பிலும் பதியாது, ஓரத்தில் மட்டும் தேயும். அப்புறம் 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் கரடுமுரடான சாலையில் போவது போல ஒரு நடுக்கம் வரும். பலர் அதை டயர் பேலன்ஸ் என்று நினைத்து அலைவார்கள். ஆக்சிலரேட்டரை அப்படியே வைத்துக்கொண்டு பிரேக் பெடலை லேசாகத் தொட்டுப் பாருங்கள்; பெரும்பாலான வண்டிகளில் லாக்-அப் உடனே விட்டுவிடும். நடுக்கமும் அதோடு நின்றால் குற்றவாளி லாக்-அப்தான்.

டர்போ இன்ஜினுக்குத் தேர்வு மாறுமா?

மாறும், கவனமாக இருக்க வேண்டிய இடமும் இது. டர்போ இன்ஜினுக்கு இரண்டு முகம்: பூஸ்ட் (டர்போ தள்ளும் கூடுதல் காற்றழுத்தம்) வருவதற்கு முன் ஒரு டார்க், வந்த பிறகு வேறு டார்க். கன்வர்ட்டர் இறுக்கமாக, அதாவது ஸ்டால் குறைவாக, இருந்தால் டர்போ முடுக்கம் பெறத் தேவையான எக்ஸாஸ்ட் ஓட்டமே கிளம்பும்போது கிடைக்காது. வண்டி சோர்ந்து கிளம்பும். சரி என்று தளர்வாகப் போட்டால், பூஸ்ட் வந்ததும் டார்க் எகிறி, மேலே சொன்ன வர்க்கமூலக் கணக்குப்படி ஸ்டாலும் சேர்ந்து ஏறிவிடும். பூஸ்ட் இல்லாமல் 2600 காட்டும் கன்வர்ட்டர் பூஸ்டில் 3600 காட்டலாம். மேலே போய் வழுக்கித் தள்ளும்.

அதனால் டர்போ அளவு, பூஸ்ட் முழுதாக வரும் ஆர்பிஎம், உச்ச பூஸ்ட் அழுத்தம் மூன்றையும் கன்வர்ட்டர் செய்பவரிடம் சொல்லியே ஆக வேண்டும். பொதுவாக அதே எண்ணிக்கைக் குதிரைசக்தியுள்ள டர்போ இல்லாத இன்ஜினை விட இறுக்கமான கன்வர்ட்டர்தான் இதற்கு வரும். இன்ஜினுக்குள் நைட்ரஸ் வாயுவைச் செலுத்திச் சக்தி கூட்டுபவர்களுக்கும் இதே கதை; பட்டனை அழுத்திய நொடியில் டார்க் எகிறும்.

டீசல் வண்டி, டிரெய்லர் இழுக்கிறேன். உயர்ந்த ஸ்டால் உதவுமா?

உதவாது. டீசல் இன்ஜின் தன் டார்க்கைக் கீழேயே தருவது. அதற்கு இறுக்கமான கன்வர்ட்டரும், பாரத்தோடு ஏற்றம் ஏறும்போது விடாமல் பிடிக்கும் பல தட்டு லாக்-அப்பும் வேண்டும். பணத்தை அங்கே போடுங்கள்.

உள்ளே என்னென்ன பார்த்து வாங்க வேண்டும்?

பழுதான கன்வர்ட்டரைத் தையல் வெட்டித் திறந்து பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்விக்குப் பதில் கண்ணிலேயே தெரிந்திருக்கும். இறக்கைகளின் வேர் பக்கம் பாருங்கள். கம்பெனி கன்வர்ட்டர்கள் பலவற்றில் இறக்கையின் நாக்கைத் துளையில் செருகி மடக்கி மட்டும் விட்டிருப்பார்கள். கூடுதல் டார்க்கில் அவை ஆடி, தளர்ந்து, படுத்துவிடும். நல்லதில் வேர் முழுக்கப் பித்தளை நிறத்தில் ஒரு கோடு ஓடியிருக்கும். சூளையில் வைத்துப் பற்றவைத்ததன் அடையாளம் அது.

அடுத்து தாங்கிகள். ஸ்டேட்டரின் இரு பக்கமும் பிளாஸ்டிக் அல்லது வெண்கல வாஷர் இருந்தால் மிதமான வண்டிக்குத் தாங்கும். பெர்ஃபார்மன்ஸ் வண்டிக்கு ஊசி பேரிங்தான் வேண்டும். ஸ்டேட்டருக்குள் இருக்கும் ஒருவழி கிளட்ச்சும் முக்கியம். அது இரண்டு விதமாகச் சாகும். பூட்டாமல் வழுக்கினால் கிளம்பும்போது உயிரே இருக்காது, மேலே போனால் சரியாக ஓடும். திரும்பாமல் இறுகிவிட்டால் கிளம்பும்போது நன்றாக இருக்கும், வேகம் ஏறினால் எதையோ கட்டி இழுப்பது போல் இருக்கும், ஆயில் கொதிக்கும், ஸ்டேட்டர் நீலம் பாரித்துப்போகும்.

பம்ப்பை ஓட்டும் பின்பக்கக் கழுத்து கடினப்படுத்தப்பட்டதா என்று கேளுங்கள். உயர்ந்த ஆர்பிஎம், உயர்ந்த ஆயில் அழுத்தம் உள்ள வண்டி என்றால், கூடு உப்பாமல் தடுக்கும் வலுவூட்டுத் தகடு இருக்கிறதா என்பதும் கேள்வி. கூடு உப்பினால் அது கிராங்க்ஷாஃப்ட்டை முன்னால் தள்ளும், இன்ஜினின் த்ரஸ்ட் பேரிங் போகும். கன்வர்ட்டரில் மிச்சம் பிடித்தது இன்ஜினில் போய் நிற்கும்.

தனியாக ஆயில் கூலர் கட்டாயமா?

என்னைக் கேட்டால் கட்டாயம். ஏன் என்று ஒரு கணக்கில் பாருங்கள். 300 நியூட்டன் மீட்டர் டார்க்கில் 2500 ஆர்பிஎம்மில் ஸ்டால் ஆகி நிற்கும் இன்ஜின் கொடுக்கும் சக்தி 78 கிலோவாட்டுக்கு மேல். சக்கரம் சுற்றவில்லை என்றால் அந்த 78 கிலோவாட்டும் எங்கே போகும்? கன்வர்ட்டருக்குள் இருக்கும் சில லிட்டர் ஆயிலைச் சூடாக்கத்தான். ஒவ்வொரு நொடியும் பல டிகிரி ஏறும். ஸ்டால் சோதனையை ஐந்து நொடிக்கு மேல் பிடிக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

ஆயில் 80 முதல் 95 டிகிரி செல்சியஸில் ஓடுவது ஆரோக்கியம். 115, 120-ஐத் தாண்டினால் ஆயில் அரக்கு போலப் படிய ஆரம்பிக்கும். அதற்கும் மேலே சீல்கள் கல்லாகும். 80-க்கு மேல் ஒவ்வொரு 11 டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் பாதியாகிறது என்பது மெக்கானிக்குகள் காலங்காலமாகச் சொல்லும் கைக்கணக்கு. சரியான எண்ணாக இல்லாவிட்டாலும் திசை சரி. ரேடியேட்டருக்கு முன்னால் தகடு அடுக்கிய கூலர் ஒன்றும், ஆயில் பானில் ஒரு வெப்பமானியும் போடுங்கள். கூலருக்கு பட்ஜெட் இல்லை என்றால் கன்வர்ட்டரைத் தள்ளிப்போடுங்கள்.

மைலேஜ் குறையுமா?

லாக்-அப் இருந்தால் நெடுஞ்சாலையில் பெரிதாகக் குறையாது. நகரத்தில் நின்று நின்று போகும்போது குறையும். லாக்-அப் இல்லையென்றால் இரண்டிலும் குறையும்.

கன்வர்ட்டரை மாற்றினால் கம்ப்யூட்டரையும் தொட வேண்டுமா?

எலக்ட்ரானிக் கியர்பாக்ஸ் என்றால் ஆமாம். கன்வர்ட்டர் எவ்வளவு வழுக்க வேண்டும் என்று கம்ப்யூட்டரிடம் பழைய கணக்கு இருக்கும். அதை விடக் கூடுதலாக வழுக்கினால் கோளாறு என்று எடுத்துக்கொள்ளும். லாக்-அப் பிடிக்கவில்லை என்று அது காட்டும் பி0741 கோடு, புதுக் கன்வர்ட்டர் போட்ட வண்டிகளில் டியூனிங் செய்யாததாலும் வருவதுண்டு. எந்த வேகத்தில் லாக் ஆக வேண்டும், எந்த அழுத்தத்தில், கியர் எப்போது மாற வேண்டும் என்று மூன்றையும் புதிதாக எழுதித்தர வேண்டும். கம்பெனி அமைப்பில் 55 கிலோமீட்டர் வேகத்திலேயே லாக் ஆகும் வண்டியில் பெரிய கேம் போட்டிருந்தால், அந்த ஆர்பிஎம்மில் இன்ஜின் உதறும்; லாக் ஆகும் வேகத்தைச் சற்று மேலே தள்ளினால் சரியாகிவிடும்.

பொருத்தும்போது எதில் தவறு நடக்கிறது?

முழுதாக உள்ளே உட்காராமல் கியர்பாக்ஸை இன்ஜினோடு இறுக்குவதுதான் பெருந்தவறு. முதலில் கன்வர்ட்டருக்குள் ஒரு லிட்டர் அளவுக்குப் புது ஆயில் ஊற்றி, கழுத்திலும் சீலிலும் ஆயில் தடவுங்கள். பிறகு கியர்பாக்ஸுக்குள் தள்ளி, மெதுவாகச் சுற்றிக்கொண்டே அழுத்துங்கள். இன்புட் ஷாஃப்ட் பல்லில் ஒருமுறை, ஸ்டேட்டர் தண்டில் ஒருமுறை, கடைசியாக ஆயில் பம்ப்பில் ஒருமுறை என்று வழக்கமாக மூன்று முறை 'டொக்' என்று உள்ளே இறங்குவது கைக்குத் தெரியும். கடைசி டொக் வராமல் பலர் நிறுத்திவிடுகிறார்கள். அந்த நிலையில் போல்ட்டை இறுக்கினால் பம்ப் அப்போதே உடையும், அல்லது முதல் ஸ்டார்ட்டில் உடையும்.

கியர்பாக்ஸ் இன்ஜினோடு முழுதாகச் சேர்ந்த பிறகும் கன்வர்ட்டர் கையால் சுலபமாகச் சுற்ற வேண்டும். ஃப்ளெக்ஸ்பிளேட்டைத் தொட அதை 3 முதல் 5 மில்லிமீட்டர் முன்னால் இழுக்க வேண்டியிருந்தால் பெரும்பாலான பெட்டிகளுக்குச் சரி; உங்கள் கன்வர்ட்டரோடு வரும் தாளில் இருக்கும் அளவே இறுதி. இழுக்கவே இடம் இல்லையென்றால் நிறுத்துங்கள், கழற்றிப் பாருங்கள்.

பழைய கியர்பாக்ஸ் எரிந்து கருகி அதனால் மாற்றுகிறீர்கள் என்றால், கூலரையும் பைப்புகளையும் நன்றாகக் கழுவுங்கள். முடிந்தால் கூலரையே மாற்றுங்கள். பழைய தூசு முதல் நாளே புது லாக்-அப் வால்வுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

கன்வர்ட்டர் செய்பவரிடம் என்னென்ன சொல்ல வேண்டும்?

வண்டியின் எடை ஆள் உட்கார்ந்த நிலையில், கியர்பாக்ஸின் சரியான மாடல், டிஃபரன்ஷியல் விகிதம், டயரின் உயரம், கேம்ஷாஃப்ட்டோடு வரும் அளவு விவர அட்டை, கம்ப்ரஷன், டர்போவோ நைட்ரஸோ இருந்தால் அதன் விவரம், எந்த ஆர்பிஎம்மில் கியர் மாற்றுகிறீர்கள், டைனோ தாள் இருந்தால் அதன் படம். எல்லாவற்றுக்கும் மேலாக, வண்டியை எப்படி ஓட்டுகிறீர்கள் என்பதை உள்ளபடி சொல்லுங்கள். ஆண்டு முழுவதும் அலுவலகத்துக்குப் போய்வரும் வண்டியை ரேஸ் வண்டி என்று சொன்னால் ரேஸ் கன்வர்ட்டர்தான் வந்து சேரும். அடுத்த ஆண்டு பெரிய இன்ஜின் போடப்போகிறேன் என்ற கனவுக்கும் இப்போதே வாங்க வேண்டாம். இன்றைய இன்ஜினுக்கு வாங்குங்கள்.

இந்தக் கேள்விகளில் எதையும் கேட்காமல் உடனே ஒரு எண்ணைச் சொல்லும் கடையிடம் வாங்காமல் இருப்பது நல்லது.

இருக்கும் கன்வர்ட்டரையே மாற்றியமைக்க முடியுமா?

முடியும். கூட்டை வெட்டித் திறந்து, இறக்கைக் கோணத்தையோ ஸ்டேட்டரையோ மாற்றி, திரும்பப் பற்றவைத்து, பேலன்ஸ் செய்து தருவார்கள். ஏற்கெனவே நல்ல தரமான பெர்ஃபார்மன்ஸ் கன்வர்ட்டர் உங்களிடம் இருந்து, ஸ்டால் மட்டும் 300, 400 பிசகியிருந்தால் இது சிறந்த வழி. முதலில் செய்தவரிடமே கொடுங்கள். உள்ளே என்ன போட்டார் என்பது அவருக்குத்தான் தெரியும். சில நிறுவனங்கள் முதல் முறை திருத்தத்தை இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ செய்து தருகின்றன. வாங்கும்போதே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கம்பெனி கன்வர்ட்டரை இப்படி மாற்றுவது மிதமான வண்டிக்கு மட்டும் ஏற்றது.

சிவிடி, இரட்டை கிளட்ச் வண்டிகளுக்கும் இது பொருந்துமா?

இரட்டை கிளட்ச் பெட்டிகளிலும், கிளட்ச்சை மோட்டார் அழுத்தும் ஏஎம்டி-யிலும் பொதுவாக டார்க் கன்வர்ட்டரே இல்லை. சிவிடி பலவற்றில் உண்டு, ஆனால் அங்கே தாக்குப்பிடிக்க வேண்டியது பெல்ட். கன்வர்ட்டரை மாற்றிப் பெரிய பலன் இல்லை.

போட்ட பிறகு சரியாகத்தான் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் சில நூறு கிலோமீட்டர் அமைதியாக ஓட்டி, ஆயில் அளவையும் நிறத்தையும் பாருங்கள். பிறகு, மூடிய டிராக்கில் ஃபிளாஷ் ஸ்டால் பார்க்கலாம். அதைவிட முக்கியமானது மேல் ஆர்பிஎம்மில் எவ்வளவு வழுக்குகிறது என்பது, ஏனென்றால் வாங்கிய சக்தி வீணாவது அங்கேதான்.

டயரின் விட்டம் 66 சென்டிமீட்டர் என்றால் சுற்றளவு 2.07 மீட்டர். 100 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு 804 சுற்று. டிஃபரன்ஷியல் 3.73, கியர் ஒன்றுக்கு ஒன்று என்றால் வழுக்கலே இல்லாத நிலையில் இன்ஜின் 3000 காட்ட வேண்டும். லாக்-அப் பிடிக்காத நிலையில் முள் 3300-இல் இருந்தால் 300 ஆர்பிஎம், அதாவது 9 சதவீதம் வழுக்கல். இதே கணக்கை முழு ஆக்சிலரேட்டரில், கியர் மாறும் ஆர்பிஎம்மை ஒட்டிச் செய்து பாருங்கள். ஓட்டுபவர் முள்ளைப் பார்க்க வேண்டாம், பக்கத்தில் இருப்பவர் டேட்டா லாகரைப் பார்க்கட்டும். அங்கே 5 முதல் 8 சதவீதம் வந்தால் நல்ல பொருத்தம். 10-ஐத் தாண்டினால் தளர்வு. பதிவை அப்படியே செய்தவருக்கு அனுப்பி, ஸ்டேட்டரை மாற்றித்தரச் சொல்லுங்கள். 3 சதவீதமே வந்து, ஆனால் கிளம்பும்போது சோர்வாக இருந்தால், இன்னும் 200, 300 ஆர்பிஎம் ஏற்றிக்கொள்ள இடம் இருக்கிறது.